சேவைத் திருட்டுச் சட்ட வரைவு: எதிர்க்க வேண்டியது எந்த வரியை?

கேள்வி: நான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பவள். தொலைத்தொடர்புச் சேவைகளைத் திருடுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் தேவையா என்பது குறித்து எங்கள் தொழில்சார் சங்கம் அடுத்த மாதம் ஒரு விவாதக் கூட்டம் நடத்துகிறது. அமெரிக்க மாநிலங்களில் 2003-ஆம் ஆண்டையொட்டி முன்வைக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தைத் தழுவி ஒரு வரைவும் கொடுத்திருக்கிறார்கள். ஆதரித்துப் பேசப் போகிறவர் இணைய இணைப்பு நிறுவனம் ஒன்றின் மூத்த பொறியாளர். எதிர்த்துப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வரைவைப் படித்தால் எங்கள் அலுவலகக் கணினிகளை இணையத்தோடு சேர்க்கும் ரூட்டரே குற்றப் பொருளாகிவிடும் போலத் தோன்றுகிறது. இது என் மிகையான பயமா? திருட்டைத் தடுக்கும் சட்டத்தை எதிர்த்தால் திருடர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடாதா? "நேர்மையாக இருப்பவர்களுக்கு எதற்குப் பயம்?" என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

பதில்: மதிப்பிற்குரிய வாசகருக்கு, வணக்கம். நீங்கள் அனுப்பிய வரைவை இரண்டு முறை முழுமையாகப் படித்தேன். உங்கள் பயம் மிகையானது அன்று. ஆனால் சட்டத்தையே எதிர்ப்பவராக நீங்கள் மேடையேறினால், உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் வீணாகிவிடும். இந்த வரைவில் தேவையான சட்டம் ஒன்றும் தேவையற்ற சட்டம் ஒன்றும் ஒரே உறையில் போட்டுத் தரப்பட்டிருக்கின்றன. முதலாவதை ஏற்றுக்கொண்டு, இரண்டாவதை வரி வரியாகப் பிரித்துக் காட்டுவதே உங்கள் வேலை என்று கருதுகிறேன்.

தேவையான பகுதியை முதலில் பார்ப்போம். சேவை என்பது கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருள் அன்று. எனவே பொருளைத் திருடுவதற்காக எழுதப்பட்ட பழைய சட்டங்கள் அதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை. மின்சாரம் வந்த காலத்திலேயே இந்தச் சிக்கல் எழுந்துவிட்டது. மின்சாரம் ஒரு 'பொருள்' ஆகாது, ஆகவே அதை எடுப்பது திருட்டாகாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீர்ப்பளித்தது. 1900-இல் அங்கே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தன் 39-ஆம் பிரிவில், நேர்மையற்ற முறையில் மின்சாரத்தை எடுப்பவர், நுகர்பவர், பயன்படுத்துபவர் திருட்டுக் குற்றம் செய்ததாகவே கருதப்படுவார் என்று கூறியது. அந்தப் பிரிவில் 'நேர்மையற்ற முறையில்' என்ற சொற்கள் இருப்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் விவாதம் முழுவதும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

தொலைபேசியிலும் இதே கதைதான். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கத் தொலைதூர இணைப்புகளில், குரல் போகும் அதே தடத்திலேயே கட்டுப்பாட்டு ஒலிகளும் போயின. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் இணைப்பு காலியாக இருக்கிறது என்று மறுமுனை எண்ணிக்கொள்ளும். அந்த ஒலியை எழுப்பும் 'நீலப் பெட்டி' ஒன்றைக் கையில் வைத்திருந்தவர்கள் கட்டணமின்றித் தொலைதூரம் பேசினார்கள். பின்னர் 1990-களில் செல்பேசி நகலெடுப்பு வந்தது. அக்கால அனலாக் செல்பேசிகள் தம் அடையாள எண்களை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) ஏதுமின்றிக் காற்றில் அனுப்பின. சாலையோரத்தில் அலைவாங்கியுடன் நின்ற ஒருவர் அந்த எண்களைப் பிடித்து வேறொரு கருவியில் பதித்துவிட்டால், அவர் பேசிய பேச்சுக்கெல்லாம் முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளரின் பெயரில் கட்டணச் சீட்டு போகும். இவற்றால் உண்மையான இழப்பும் உண்மையான மன உளைச்சலும் ஏற்பட்டன. உங்கள் எதிர்த்தரப்பு நண்பர் இவற்றைச் சொன்னால் மறுக்காதீர்கள். முடிந்தால் அவருக்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் வரைவு. அதன் முதல் உட்பிரிவு, கட்டணம் செலுத்தாமல் சேவையைப் பெறுவதைக் குற்றமாக்குகிறது. அதில் எனக்குப் பெரிய மனத்தடை ஏதுமில்லை. இரண்டாம் உட்பிரிவில்தான் நிலம் நழுவுகிறது. சேவை வழங்குநரின் 'வெளிப்படையான ஒப்புதல் அல்லது அனுமதி இன்றி' எந்தத் தொடர்புச் சேவையையும் பெறவோ, அனுப்பவோ, மறுபடி அனுப்பவோ, மறையாக்கத்தை நீக்கவோ உதவும் கருவியை வைத்திருப்பதும், உருவாக்குவதும், விற்பதும் குற்றம் என்கிறது அது. மூன்றாம் உட்பிரிவு, ஒரு தகவல் எங்கிருந்து கிளம்பியது, எங்கே போகிறது என்பதைச் சேவை வழங்குநரிடமிருந்தோ சட்டபூர்வ அதிகாரியிடமிருந்தோ மறைக்கும் கருவியைக் குற்றப் பொருளாக்குகிறது. நான்காவது, அத்தகைய கருவியைச் செய்வதற்கான வரைபடத்தையும் செய்முறைக் குறிப்பையும் கூடச் சேர்த்துக்கொள்கிறது. ஏமாற்றும் நோக்கம் வேண்டும் என்று இந்த மூன்றில் எதிலும் இல்லை.

மூன்றாம் உட்பிரிவை உங்கள் ரூட்டரோடு பொருத்திப் பாருங்கள். இது உங்களுக்கு அன்றாட விஷயம். ஆனால் கூட்டத்தில் சட்டம் மட்டுமே தெரிந்தவர்களும் இருப்பார்கள் என்பதால், அவர்களுக்கு நீங்கள் விளக்கும் விதத்திலேயே இங்கே சொல்கிறேன். அலுவலகத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி ஒன்று உண்டு. ஒரு கணினியிலிருந்து கிளம்பும் தகவல் பொட்டலம் ரூட்டரை அடைந்ததும், ரூட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன் வெளிமுகவரியை எழுதி வெளியே விடுகிறது. பதில் வரும்போது தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்குத் திருப்பி அனுப்புகிறது. வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே முகவரி. அந்தப் பொட்டலம் எந்தக் கணினியில் பிறந்தது என்பது சேவை வழங்குநருக்குத் தெரியாது. ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே கொண்ட பழைய முகவரி முறை போதாமல் போகும் என்று உணர்ந்து 1994-இல் பொறியாளர்கள் வெளியிட்ட தீர்வு இது. யாரையும் ஏமாற்றுவதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் 'கிளம்பிய இடத்தை மறைக்கும் கருவி' என்ற சொற்களை அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டால், உங்கள் அலுவலகச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்கு அவை அச்சொட்டாகப் பொருந்துகின்றன.

ரூட்டரோடு இது நிற்கவும் இல்லை. வெளியூரிலிருந்து அலுவலக வலையமைப்பில் நுழையும் ஊழியரின் விபிஎன் (பொது இணையத்தின் வழியே மறையாக்கம் செய்து அமைக்கும் தனி இணைப்பு), தான் போய்ச் சேரும் இடத்தை இடையிலுள்ள இணைப்பு நிறுவனத்திடமிருந்து மறைக்கிறது. கொடுமைக்கார உறவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண், தான் எங்கே இருக்கிறாள் என்பது தெரியாமலிருக்க மறையாக்கம் செய்த வழியில் தாயோடு பேசுகிறாள். அவள் கையிலுள்ள மென்பொருளும் அதே உட்பிரிவுக்குள் வந்துவிடுகிறது. "நேர்மையாக இருப்பவர்களுக்கு எதற்குப் பயம்?" என்ற கேள்விக்கு என் பதில் இந்தப் பெண்தான். மறைப்பதற்கு நேர்மையான காரணம் உள்ளவர்கள் ஏராளம். மறைத்தார் என்பதை மட்டும் பார்த்து, எதற்காக மறைத்தார் என்று கேட்காத ஒரு சட்டத்தின் முன் அவர்களுடைய நேர்மை எந்த உதவிக்கும் வராது.

இது கற்பனை என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய சட்டம் 2003 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்த நீல்ஸ் ப்ரோவோஸ் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள். தாக்குபவர்களைப் பொய்க் கணினிகளால் ஈர்த்து அவர்களின் முறைகளைக் கண்காணிக்கும் 'ஹனிடி' என்ற மென்பொருளை எழுதியவர் அவர்; படங்களுக்குள் செய்தியை ஒளித்துவைக்கும் கலையையும் அதைக் கண்டுபிடிக்கும் முறையையும் ஆராய்ந்தவர். இல்லாத கணினிகள் இருப்பதாகக் காட்டும் மென்பொருள் தகவலின் இடத்தை மறைக்கத்தானே செய்கிறது? அவர் தம் ஆய்வுப் பக்கங்களை நெதர்லாந்திலுள்ள சேவையகம் ஒன்றுக்கு நகர்த்தினார். அவர்மீது யாரும் வழக்குத் தொடுக்கவில்லை என்பது உண்மை. வழக்கு வராமலேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தம் பணியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனார் என்பதும் உண்மை. எழுதப்பட்ட ஒரு வரி, எவரும் கையை ஓங்காமலேயே செய்யக்கூடிய சேதம் இது. ஃபயர்வால்களும் (வெளியிலிருந்து வரும் தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் அரண்கள்) ரூட்டர் செய்யும் முகவரி மாற்றமும் இச்சட்டத்தில் சிக்கும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் அப்போதே எச்சரித்தார். அதே ஆண்டு மே மாதத்தில் கொலராடோ மாநில ஆளுநர் பில் ஓவன்ஸ், சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய இத்தகைய மசோதாவில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மசோதாவை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஏதோ விளிம்பில் நின்று கூச்சலிட்டவர்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு தகவல் நீக்கிவிடும்.

இப்போது இரண்டாம் உட்பிரிவுக்கு வருகிறேன். என் பார்வையில் வரைவின் மிக ஆபத்தான சொற்கள் இங்கேதான் இருக்கின்றன. ரூட்டரைப் போலக் கண்ணில் படாததால் இவற்றைப் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள். 'வெளிப்படையான அனுமதி இன்றி' என்று அது சொல்கிறது. அனுமதி என்பது இரண்டு வகை என்பதைச் சட்டம் எப்போதும் ஏற்று வந்திருக்கிறது. சொல்லித் தருவது ஒன்று. சூழ்நிலையிலிருந்து தானே புலப்படுவது மற்றொன்று. வீட்டு வாசலில் அழைப்பு மணி இருந்தால், யாரும் எழுத்தில் சொல்லாவிட்டாலும் அதை அழுத்தலாம். இந்த வரைவு அந்த இரண்டாம் வகையை முழுவதுமாக நீக்கிவிடுகிறது. சேவை வழங்குநர் வாய் திறந்து 'ஆம்' என்று சொல்லாத எதுவும் குற்றம். அவருடைய மௌனமும் மறுப்பாகிவிடுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு பேர் வேலை செய்யும் சிறு கணக்கு அலுவலகம். ஒரே இணைய இணைப்பை நான்கு கணினிகளுக்குப் பகிர்ந்துகொண்டதற்காக அவருடைய இணைப்பு நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பின்பக்கத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படும் அளவு எழுத்தில், 'நிறுவனம் அவ்வப்போது எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் கருவிகளைத் தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'அவ்வப்போது' என்ற சொல்லின் கீழ் நான் பென்சிலால் கோடிட்டது இன்னும் நினைவிருக்கிறது. கூடுதலாகச் சிறு கட்டணம் செலுத்த அவர் ஒப்புக்கொண்டார். விஷயம் ஒரு வாரத்தில் முடிந்தது. அது உரிமையியல் தகராறு. அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் கையிலுள்ள வரைவு அன்றைக்குச் சட்டமாக இருந்திருந்தால் அந்த மனிதர் குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு கருவியும் தனிக் குற்றம் என்று வரைவு சொல்வதால், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளோடு.

இதன் பொருள் என்ன என்பதைக் கூட்டத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். எது குற்றம் என்பதை வரையறுக்கும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்திடமிருந்து ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தப் படிவத்தை எழுதுபவரிடம் போய்விடுகிறது. அவர் அடுத்த மாதம் ஒரு வரியை மாற்றினால், நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டு நடந்த ஒருவர் எதையும் மாற்றிச் செய்யாமலேயே குற்றம் புரிந்தவராகிறார். ஒப்பந்தத்தை மீறுவதற்கு நஷ்டஈடு உண்டு, இணைப்புத் துண்டிப்பு உண்டு. சிறைத்தண்டனை என்பது சமுதாயம் முழுவதன் பெயரால் விதிக்கப்படுவது. அதை ஒரு தரப்பின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது.

அனுமதியில்லாத கருவிக்குத் தடை என்பது புதிய யோசனையும் இல்லை. தொலைபேசித் துறை அதைப் பல பத்தாண்டுகள் கடைப்பிடித்துப் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் வலையமைப்பில் தான் தராத எதையும் இணைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. 'ஹஷ்-எ-ஃபோன்' என்பது தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பேசுவது பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காமல் இருக்க உதவும். மின்கம்பி எதுவும் அதில் இல்லை. அதற்கும் தடை விதிக்கப்பட்டது; வழக்கு நடந்தது; 1956-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை ஏற்க மறுத்தது. பிறகு, இருவழி வானொலியைத் தொலைபேசியோடு சேர்க்கும் 'கார்ட்டர்ஃபோன்' கருவி தொடர்பான விஷயத்தில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவிகளை வாடிக்கையாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் 1968-இல் முடிவு செய்தது. பதில் சொல்லும் இயந்திரமும், ஃபேக்ஸும், வீட்டுக் கணினியை இணையத்தோடு சேர்த்த மோடமும் அந்தக் கதவின் வழியாகத்தான் பரவலாக உள்ளே வந்தன. உங்கள் எதிர்த்தரப்பு நண்பர் வேலை செய்யும் தொழிலே அந்த முடிவால் வளர்ந்தது என்பதை மரியாதையோடு நினைவூட்டுங்கள். அவர் பொறியாளர், ஒப்புக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

அவர் தரப்பில் வரக்கூடிய வலுவான வாதத்துக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். "ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிப்பது கடினம். மறையாக்கத்தை நீக்கும் திருட்டு டீகோடர் விற்பவன் 'கல்விக்காக மட்டும்' என்று பெட்டியில் ஒட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான்" என்று அவர் சொல்வார். இது நியாயமான கவலை. கூடவே ஒரு முன்னுதாரணத்தையும் அவர் காட்டக்கூடும். செல்பேசி நகலெடுப்பைத் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1998-இல் இயற்றிய சட்டம், நகலெடுக்கும் கருவியை வைத்திருப்பவர் விஷயத்தில் ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய தேவையை நீக்கிவிட்டது. 'அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியாது?' என்பது கேள்வியாக வரும்.

பதில் கருவியின் அகலத்தில் இருக்கிறது. அந்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டது, அனுமதியின்றிச் சேவை பெறும்படி செல்பேசியின் அடையாள எண்ணை மாற்றி எழுதும் கருவியை மட்டுமே. அதுவும் அது அப்படிப்பட்டது என்று தெரிந்தே வைத்திருப்பவரை. அத்தகைய கருவிக்குச் சாதாரணக் குடிமகனிடம் வேறு வேலை ஏறக்குறைய இல்லை. சேவை நிறுவனங்களுக்கும் புலனாய்வுத் துறைக்கும் விலக்கும் தரப்பட்டிருந்தது. கருவி குறுகியதாக இருந்தால் நோக்கத்தைப் பற்றிய கேள்வியைச் சட்டம் ஓரளவு தளர்த்தலாம். உங்கள் வரைவோ தகவலை அனுப்பும், பெறும், மறைக்கும் எல்லாக் கருவிகளையும் அள்ளிக்கொள்கிறது. வலையை இவ்வளவு அகலமாக வீசுபவர்கள் நோக்கம் என்ற கண்ணியை விட்டுவிட முடியாது.

நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதற்கும் பழைய மின்சாரச் சட்டமே ஒரு வழி காட்டுகிறது. மீட்டரைத் தாண்டிச் செல்லும் செயற்கையான ஏற்பாடு ஒன்று இருந்தால், அதுவே நேர்மையின்மைக்கு முதல்நோக்குச் சான்று என்று அதே 39-ஆம் பிரிவு கூறியது. குற்றம் சாட்டப்பட்டவர் அதை மறுத்து விளக்கலாம். நோக்கம் என்பது ஒருவருடைய மனத்தைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாங்கிய விதம், விளம்பரத்தின் சொற்கள், விற்ற எண்ணிக்கை, மறைத்த பணம் ஆகியவற்றிலிருந்து நீதிமன்றங்கள் அன்றாடம் ஊகித்து முடிவு செய்வதுதான் அது. 'கல்விக்காக மட்டும்' என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து எந்த நீதிபதியும் ஏமாந்துவிடமாட்டார்.

அப்படியானால் எப்படித்தான் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். இதற்கு நீங்கள் ஒரு சொந்த வரைவோடு போக வேண்டும். வெறும் மறுப்போடு போகக் கூடாது. அதே 2003-ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய தொடர்புச் சட்டத்தின் 125-ஆம் பிரிவை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள். நேர்மையற்ற முறையில் ஒரு மின்னணுத் தொடர்புச் சேவையைப் பெற்று, அதற்குரிய கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு அவ்வாறு செய்பவர் குற்றவாளி என்பது அதன் சாரம். கருவியைப் பற்றிப் பேசும் 126-ஆம் பிரிவும், அந்தத் திருட்டுக்குப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருப்பதையும், அப்படிப் பயன்படுத்தப்படும் என்று அறிந்தே கொடுப்பதையும்தான் பிடிக்கிறது. தண்டனை மென்மையானதும் இல்லை. ஐந்து ஆண்டுகள் வரை சிறை. திருடர்கள்மீது இரக்கம் காட்டாமலேயே ரூட்டரை விட்டுவைக்க முடியும் என்பதற்கு, ஒரே ஆண்டில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் எழுதப்பட்ட இந்த இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துக் காட்டுவதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனின் சட்டமும் குறையற்றதன்று. 2005-இல் லண்டனில் ஒருவர், பூட்டப்படாத அண்டை வீட்டு வைஃபையைத் தம் மடிக்கணினியில் பயன்படுத்தியதற்காக இதே 125-ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்டு 500 பவுண்டு அபராதம் கட்டினார். அவர் எந்தக் கட்டணத்தைத் தவிர்த்தார், அந்தக் கட்டணம் யாருக்குச் சேர வேண்டியது என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆகவே 'கட்டணம்' என்ற சொல்லைச் சேர்க்கும்போது 'குற்றம் சாட்டப்பட்டவர் செலுத்தியிருக்க வேண்டிய கட்டணம்' என்று தெளிவாக எழுதும்படி கேளுங்கள்.

சேவை என்பதன் வரையறையிலும் இதே கவனம் வேண்டும். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் தொலைத்தொடர்புச் சேவைத் திருட்டுக்குத் தனிப் பிரிவு உண்டு. பல்கலைக்கழகக் கணினியை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஒருவர்மீது அதன்படி வழக்குத் தொடரப்பட்டபோது, கணினி தொலைத்தொடர்பு வசதியாகாது என்று 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. குற்றச் சட்டத்தின் சொல்லை வசதிக்கு ஏற்ப நீட்ட நீதிமன்றம் மறுத்த நல்ல எடுத்துக்காட்டு இது. 'எந்த வகைச் சமிக்ஞையும், தரவும், எழுத்தும், படமும், ஒலியும்' என்று உங்கள் வரைவு தொடங்கும்போது, நீதிமன்றத்துக்கு மறுக்கவே இடமில்லாமல் போய்விடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறைத்தல் பற்றிய மூன்றாம் உட்பிரிவைத் திருத்த முயல வேண்டாம். முழுமையாக நீக்கும்படி கேளுங்கள். கட்டணத்தை ஏய்ப்பதற்காக மறைப்பவர் முதல் உட்பிரிவிலேயே சிக்கிவிடுவார். மற்றவர்கள் சட்டத்தின் கவலை ஆகார். வரைபடம், செய்முறைக் குறிப்பு பற்றிய நான்காம் உட்பிரிவும் நீக்கப்பட வேண்டியதே. இல்லையேல் நீங்கள் உங்கள் உதவியாளருக்கு எழுதித் தரும் ஃபயர்வால் அமைப்புக் குறிப்பும் அதில் வரும். நஷ்டஈடு கருவிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் உண்மையான இழப்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மாதிரிச் சட்டத்தை முன்னின்று ஆதரித்த திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்களின் சங்கமே, எதிர்ப்புக்குப் பிறகு 2003 ஏப்ரலில் ஏமாற்றும் நோக்கம் என்ற நிபந்தனையைச் சேர்த்துத் திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டது. உங்கள் சங்கத்துக்கு வந்திருப்பது அதற்கு முந்தைய வடிவம். ஆதரித்தவர்களே கைவிட்ட சொற்களை எதற்காகப் பின்பற்ற வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் திருத்தத்தோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். வெளிப்படையான அனுமதி என்ற சொற்றொடர் நீடிக்கும்வரை, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை மீறியதே ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்று என்று வாதிட இடமிருக்கும்.

பேச்சின் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகலெடுத்த செல்பேசியால் தவறான கட்டணச் சீட்டு பெற்ற வாடிக்கையாளரிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதை மனமாரச் சொல்லுங்கள். அடுத்து, அலுவலகத்திலிருந்து ஒரு பழைய ரூட்டரை எடுத்துச் சென்று மேசைமேல் வைத்து, மூன்றாம் உட்பிரிவை உரக்கப் படியுங்கள். அதன்பின் அந்தக் கணக்கு அலுவலகத்தின் ஒப்பந்த வரி. அடையாளம் எதுவும் சொல்லாமல் நீங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இறுதியாக உங்கள் மாற்று வரைவைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். முதல் பிரதியை எதிர்த்தரப்பு நண்பரிடம் கூட்டத்துக்கு முந்தைய நாளே சேர்த்துவிடுவது நல்லது. அவருடைய நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படுவது அதில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால், அவரே சில சொற்களைத் திருத்தித் தரக்கூடும். அந்தத் திருத்தங்களை எனக்கும் அனுப்புங்கள், கூட்டத்துக்கு முன் ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன்.